முதியோர் களப்பணி: படிவம் நிரப்புவதைத் தாண்டி உண்மையில் வளர என்ன செய்ய வேண்டும்?

புதுக்களம் கேட்டது:

பொதுச் சுகாதாரம் படிக்கிறேன். அடுத்த பருவத்தில் 60 வயதைத் தாண்டியவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் களப்பணி. பிபி, எடை, நடை, நினைவு, மனநிலை, அன்றாட வேலைகள் என்று படிவம் நீளமாக இருக்கிறது. முடிவில் "இந்தப் பணியால் நான் எப்படி வளர்ந்தேன்" என்று ஓர் அறிக்கையும் தர வேண்டும்.

முந்தைய ஆண்டுகளின் அறிக்கைகளைப் புரட்டினால் "பொறுமை கற்றேன், பெரியவர்களை மதிக்கக் கற்றேன்" என்ற வரிகளே திரும்பத் திரும்ப வருகின்றன. யாருடைய பெயரைப் போட்டாலும் பொருந்திவிடும் வரிகள். எனக்கு வேண்டியது வேறு. வீட்டுக்குள் போனதும் எதை முதலில் செய்வது, எதைக் கடைசிக்கு வைப்பது? புதிதாகப் போகிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள், ஏன்? நான் தேறியிருக்கிறேனா என்பதை என் அபிப்பிராயத்தைத் தவிர வேறு எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

அனுபவமுள்ளவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

நாடிப்பிடி பதில்:

வரிசையிலிருந்தே ஆரம்பிக்கலாம். படிவத்தில் அச்சாகியிருக்கும் வரிசை, வேலை செய்ய ஏற்ற வரிசையாக இருக்காது.

முதலில் அறிமுகமும் சம்மதமும். பிறகு காது, கண். இவற்றை நினைவுச் சோதனைக்கு முன்பே முடித்துவிடுங்கள். சொன்ன மூன்று சொற்கள் காதிலேயே விழாதவருக்கு "நினைவு குறைவு" என்று எழுதிவிடுவது நிறைய நடக்கிறது. காதுக்குக் கருவி வேண்டாம். ஒரு கை நீளத்தில், அவருக்குப் பின்னால் சற்றுப் பக்கவாட்டில் நின்று, மறுகாதை விரலால் அடைத்துக்கொள்ளச் சொல்லி, நான்கு எளிய சொற்களைக் கிசுகிசுத்துத் திரும்பச் சொல்லக் கேளுங்கள். பின்னால் நிற்பது உங்கள் உதட்டசைவு தெரியாமலிருக்க.

அடுத்து பிபி. நடை, எழுந்து உட்காரும் சோதனைகள் எல்லாம் இதற்குப் பிறகுதான். நடக்கவைத்துவிட்டு பிபி பார்த்தால் அந்த எண்ணால் பயனில்லை.

பிபி சுலபம் என்று நினைத்துத்தான் நிறைய பேர் தவறுகிறார்கள். 5 நிமிடம் பேச்சில்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். முதுகுக்குச் சாய்மானம் வேண்டும், பாதம் இரண்டும் தரையில் பட வேண்டும், கால் மேல் கால் கூடாது. முந்தைய அரை மணிக்குள் காபி, புகை, வேகநடை இருந்ததா என்று கேளுங்கள். சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்தால் முதலில் போய்வரச் சொல்லுங்கள். கஃபுக்குள் (மேல்கையில் சுற்றும் பட்டை) இருக்கும் காற்றுப்பை மேல்கையின் சுற்றளவில் சுமார் 80 சதவீதத்தைச் சுற்ற வேண்டும். பருத்த கைக்குச் சின்ன கஃப் போட்டால் ரீடிங் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். மெலிந்த கைக்குப் பெரிய கஃப் போட்டால் குறையும். கை இதயத்தின் மட்டத்தில், மேசையிலோ தலையணையிலோ தாங்கலாக இருக்க வேண்டும். 10 செ.மீ. கீழே தொங்கினாலே 7-8 எண் கூடிவிடும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்து இரண்டையும் எழுதுங்கள். சராசரியை மட்டும் எழுதாதீர்கள்.

நாடி ஒழுங்கில்லாமல் துடித்தால் தானியங்கிக் கருவியின் எண்ணை முழுதாக நம்பக்கூடாது. மணிக்கட்டில் விரல் வைத்து முழு 60 நொடி எண்ணி, "சீரற்ற நாடி" என்று தனியாகக் குறியுங்கள்.

எழுந்தால் தலை சுற்றுகிறது என்கிறவருக்கு இன்னொரு சோதனை இருக்கிறது. 5 நிமிடம் படுக்கவைத்து ஒரு ரீடிங், நின்ற 1 நிமிடத்தில் ஒன்று, 3 நிமிடத்தில் ஒன்று. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால், நிற்கும்போது அழுத்தம் இறங்குகிறது என்று பொருள். விழுவதற்கு இது முக்கியக் காரணம், பல நேரம் மருந்தின் விளைவு. நிற்கவைக்கும்போது அவர் முழங்காலுக்குப் பின்னால் நாற்காலி இருக்கட்டும். உங்கள் கை அவர் இடுப்பருகே இருக்கட்டும்.

நடைச் சோதனைக்குக் கைப்பிடியுள்ள நாற்காலி, தரையில் 3 மீட்டர் தள்ளி ஒரு டேப் கோடு. எழுந்து, வழக்கமான வேகத்தில் கோடு வரை நடந்து, திரும்பி, வந்து உட்கார வேண்டும். 12 நொடி அல்லது அதற்கு மேல் ஆனால் விழும் ஆபத்துள்ளவராகக் கணக்கிடுவார்கள். அவர் தினமும் பயன்படுத்தும் ஊன்றுகோல், செருப்போடுதான் நடக்க வேண்டும். "சீக்கிரம் சீக்கிரம்" என்று உற்சாகப்படுத்துகிறவர்கள் சோதனையைக் கெடுக்கிறார்கள், சில சமயம் ஆளையே விழவைக்கிறார்கள். நாற்காலியின் முதுகு சுவரில் முட்டியிருக்கட்டும். வழியில் விரிப்பு கிடந்தால் அனுமதி கேட்டு எடுத்துவிடுங்கள்.

நீங்களாகச் செய்யக்கூடாதது ஒன்று: மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ சொல்லாதீர்கள். 180/120-க்கு மேல் காட்டினால் 5 நிமிடம் ஓய்வு கொடுத்து மறுபடி பாருங்கள். அப்படியே இருந்தால் அன்றே மருத்துவரிடம் பேச ஏற்பாடு செய்யுங்கள். கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் தளர்ச்சி, பேச்சுக் குழறல் இருந்தால் அவசர உதவிதான். படிவத்தை மூடி வையுங்கள்.

---

செவிகொடு பதில்:

அளவுகளை மேலே சொல்லிவிட்டார்கள். நான் பேச்சைப் பற்றிச் சொல்கிறேன். வீட்டுக்குள் போகிறவர் மாறுவதும் மாறாமல் போவதும் பெரும்பாலும் பேச்சில்தான்.

"தாத்தா", "பாட்டி" என்று எடுத்த எடுப்பில் ஆரம்பிக்காதீர்கள். "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?" என்று கேளுங்கள். சிலருக்கு உறவுமுறை பிடிக்கும். சிலர் நாற்பது வருடம் ஒரு பதவியில் இருந்தவர்கள், அவர்களுக்குப் பெயரோடு "ஐயா", "அம்மா" வேண்டும். குழந்தையிடம் பேசுகிற ராகத்தில் பேசினால் பதில்கள் உடனே சுருங்கிவிடும்.

காது மந்தம் என்றால் கத்தாதீர்கள். வயதால் வரும் செவிக்குறைவில் உயர்ந்த சுருதி ஒலிகள்தான் முதலில் போகும். கத்தும்போது குரலின் சுருதி ஏறுகிறது, மெய்யெழுத்துகள் சிதைகின்றன. குரலைத் தாழ்த்தி, சற்று மெதுவாக, முகம் அவருக்குத் தெரியும்படி பேசுங்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் உங்கள் முகம் இருட்டாகத் தெரியும். டிவியை நிறுத்த அனுமதி கேளுங்கள். ஒரு வாக்கியத்தில் ஒரே கேள்வி. கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள். புரியவில்லை என்றால் அதே சொற்களை இன்னும் சத்தமாகச் சொல்லாமல் வேறு சொற்களில் கேளுங்கள்.

கேள்வியின் வடிவம் பற்றி. "நீங்களே குளிக்க முடியுமா?" என்று கேட்டால் "அதெல்லாம் முடியும்" என்றுதான் பதில் வரும். தன்மானம் உள்ளவர் வேறு என்ன சொல்வார்? "கடைசியாக எப்போது குளித்தீர்கள்? தண்ணீர் யார் எடுத்து வைத்தார்கள்? முதுகு தேய்த்தது யார்? நின்றா, உட்கார்ந்தா?" என்று கேட்டுப் பாருங்கள். பதிலே வேறாக இருக்கும். குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை, படுக்கையிலிருந்து எழுவது, சிறுநீர்-மலக் கட்டுப்பாடு, சாப்பிடுவது என்று, அன்றாட வேலைகளை ஒருவர் தானே செய்கிறாரா என்று அளக்கும் கட்ஸ் அட்டவணையில் உள்ள ஆறையும் இப்படியே கேட்கலாம். முடியுமா என்பது ஒன்று, செய்கிறாரா என்பது வேறு. உங்கள் படிவம் எதைக் கேட்கிறது என்று களத்துக்குப் போகும் முன்பே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

வீட்டார் முந்திக்கொண்டு பதில் சொல்வது எல்லா வீட்டிலும் நடக்கும். அவர்களை அடக்கப் பார்க்காதீர்கள், மனக்கசப்பில் முடியும். இரண்டு பேராகப் போய், ஒருவர் வீட்டாரிடம் மருந்துச் சீட்டு, குடும்ப விவரம் கேட்டுத் தனியாக உட்கார வேண்டும். ஒவ்வொரு பகுதிக்கும் எதிரே "பதில் சொன்னவர் யார்" என்று எழுதுங்கள். கவனித்துக்கொள்கிறவர்கள் இயலாமையைச் சற்றுக் கூட்டிச் சொல்வதுண்டு. வலியையும் மனச்சோர்வையும் வெளியிலிருந்து சரியாக மதிப்பிட அவர்களால் முடியாது. ஆகவே மனநிலைக் கேள்விகளுக்கு வேறொருவர் பதிலை எழுதாதீர்கள். காலியாக விட்டு, காரணத்தைக் குறியுங்கள்.

15 கேள்வி கொண்ட முதியோர் மனச்சோர்வு அளவுகோலில் 5 அல்லது அதற்கு மேல் வந்தால் மேற்கொண்டு மதிப்பீடு தேவை என்பதுதான் பொருள். நோய் உறுதியாகிவிட்டது என்பதில்லை. "இருந்து என்ன பயன்" என்று யாராவது சொன்னால் பேச்சை மாற்றாதீர்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. ஆமாம் என்றால் தனியே விட்டுவிட்டு வரக்கூடாது. யாரை அழைப்பது என்ற எண் முதல் நாளே உங்கள் பையில் இருக்க வேண்டும்.

துன்புறுத்தல் சந்தேகம் வந்தால்: உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்பில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 6 பேரில் ஒருவர் ஓராண்டுக்குள் சமூகச் சூழலில் ஏதோ ஒரு வகைத் துன்புறுத்தலைச் சந்திக்கிறார். ஆகவே இது அபூர்வமல்ல. வீட்டார் காதில் படும்படி கேட்காதீர்கள், அங்கேயே யாரையும் தட்டிக்கேட்காதீர்கள், அந்த வீட்டில் விட்டுவரும் எந்தத் தாளிலும் எழுதாதீர்கள். அன்றே மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். நீங்கள் கிளம்பிய பிறகும் அவர் அந்த வீட்டில்தான் இருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

---

எண்மணி பதில்:

உங்கள் மூன்றாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். நீங்கள் தேறினீர்களா என்பது நீங்கள் நிரப்பிய படிவங்களிலேயே பதிவாகியிருக்கும். அதை எடுத்துப் பார்க்கிறவர்கள்தான் குறைவு.

பிபியின் கடைசி இலக்கத்திலிருந்து தொடங்குங்கள். தானியங்கிக் கருவியில் 0 முதல் 9 வரை எல்லா இலக்கமும் ஏறக்குறைய சமமாக வரும், ஒவ்வொன்றும் சுமார் 10 சதவீதம். ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கையால் பார்த்தால் 0, 2, 4, 6, 8 மட்டும் வரும், ஒவ்வொன்றும் சுமார் 20 சதவீதம். உங்கள் ரீடிங்குகளில் பாதி 0-வில் முடிகிறது என்றால் பார்த்ததை எழுதாமல் உத்தேசமாக எழுதியிருக்கிறீர்கள். 130, 140, 80, 90 என்று வரிசையாக நிற்கும். 138-ஐ 140 ஆக்கினால் ஒருவர் நோயாளிப் பட்டியலில் ஏறிவிடுகிறார். முதல் இரண்டு வாரப் படிவங்களையும் கடைசி இரண்டு வாரப் படிவங்களையும் எடுத்து இந்த விகிதத்தை ஒப்பிடுங்கள். "கவனம் கூடியது" என்று அறிக்கையில் எழுதுவதற்கு இதைவிட நல்ல ஆதாரம் வேண்டுமா?

அதேபோல வயது. 60, 65, 70, 75 என்றே குவிந்திருந்தால் நீங்கள் விசாரிக்கவில்லை, அவர் சொன்ன தோராயத்தை எழுதியிருக்கிறீர்கள். ஆவணம் இல்லாதவரிடம் எல்லோருக்கும் நினைவிருக்கும் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லி, அப்போது திருமணமாகியிருந்ததா, மூத்த பிள்ளை பிறந்திருந்ததா என்று கேட்டு வயதை நெருங்க வேண்டும். நேரம் பிடிக்கும், ஆனால் செய்ய வேண்டிய வேலை.

காலியாக விட்ட இடங்களையும் எண்ணுங்கள். எந்தக் கேள்வியில் "தெரியாது" அதிகம்? பெரும்பாலும் சிறுநீர்க் கசிவு, தனிமை, பணம் பற்றிய கேள்விகளாக இருக்கும். கூச்சம் யாருடையது என்று பாருங்கள். பதில் சொல்கிறவர் தயங்கினாரா, கேட்கிறவர் அந்தக் கேள்வியை முணுமுணுத்துக் கடந்தாரா? கூட வரும் சக மாணவரைவிட உங்களுக்குக் காலி இடம் அதிகமென்றால் கூச்சம் உங்களுடையது.

இன்னொன்று: சில வீடுகளில் இரண்டு பேரும் ஒரே உரையாடலைக் கேட்டு, ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல் தனித்தனியாக மதிப்பெண் போடுங்கள். வெளியே வந்து ஒப்பிடுங்கள். எந்தக் கேள்வியில் முரண் வருகிறதோ அதைப் பற்றி அன்று மாலையே பேசுங்கள்.

கடைசியாக, எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது ரெஃபரல், அதாவது மருத்துவரிடம் அனுப்பிவைப்பது. "கண் மருத்துவரிடம் போகச் சொன்னேன்" என்று எழுதியதோடு வேலை முடிவதில்லை. எத்தனை பேருக்குச் சொன்னீர்கள், எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள், போகாதவர்கள் ஏன் போகவில்லை? கூட வர ஆளில்லை, எழுத்து சின்னதாக இருந்தது, எந்த நாள் எந்த நேரம் என்று சொல்லவில்லை, கழிப்பறை இருக்குமோ இருக்காதோ என்ற பயம். இந்த நான்காவது காரணம் எந்தப் படிவத்திலும் கட்டமாக இருக்காது, கேட்டால்தான் வரும். சீட்டைத் தடித்த கறுப்பு எழுத்தில், ஒரு தாளில் ஒரே விஷயமாக, நாள், நேரம், எந்த அறை, எதை எடுத்துப்போக வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். வாசித்துக் காட்டி, அவர் வாயால் திரும்பச் சொல்லக் கேளுங்கள்.

---

நாடிப்பிடி பதில்:

எண்மணி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நினைவுச் சோதனை மதிப்பெண்ணை இப்படி ஒப்பிடும்போது கவனம் வேண்டும். மூன்று சொல், கடிகாரம் வரைதல் கொண்ட குறுஞ்சோதனையில் மொத்தம் 5, அதில் 3-க்குக் கீழே வந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்பார்கள். பேனாவே பிடித்துப் பழகாதவர் கடிகாரம் வரையத் தடுமாறுவது நினைவுக் குறைவால் அல்ல. 100-லிருந்து 7, 7 ஆகக் கழிக்கச் சொல்வதிலும் இதே சிக்கல். எத்தனை வருடம் படித்தார் என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். "உங்களுக்கு மறதி நோய்" என்று அங்கேயே சொல்லிவிடாதீர்கள்.

சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ ஒருவர் திடீரென்று குழம்பிப் பேசினால், கவனம் நிற்காமல் அலைந்தால், அதை மறதிக் கணக்கில் சேர்க்காதீர்கள். தொற்று, நீரிழப்பு, புது மருந்து எதுவானாலும் இருக்கலாம். முதியவர்களுக்குத் தொற்று இருந்தும் காய்ச்சல் வராமல் போகலாம். உடனே மருத்துவ உதவி தேவை.

---

புதுக்களம் பதில்:

எல்லோருக்கும் நன்றி. கடைசி இலக்க விஷயத்தை வகுப்பில் யாரும் சொல்லவில்லை. இன்னும் இரண்டு கேள்விகள். தினக்குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறார்கள், அதில் என்ன எழுதுவது? பல வாரம் போய்ப் பழகியவர்களிடமிருந்து எப்படி விடைபெறுவது?

---

செவிகொடு பதில்:

குறிப்பை அன்றே, தூங்கப்போகும் முன் எழுதுங்கள். மறுநாள் எழுதினால் உங்கள் விளக்கம்தான் மிஞ்சும், பார்த்தது மறைந்துவிடும். தாளை மூன்று பத்தியாகப் பிரியுங்கள். கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது முதல் பத்தியில், முடிந்தவரை அவர் சொன்ன சொற்களிலேயே. நான் என்ன நினைத்தேன் என்பது இரண்டாவதில். எதைச் சரிபார்க்க வேண்டும் என்பது மூன்றாவதில்.

ஓர் எடுத்துக்காட்டு. முதல் பத்தி: "வார மருந்துப் பெட்டியில் செவ்வாய், வியாழன் காலைக் கட்டங்கள் திறக்கப்படவில்லை. மற்ற எல்லாம் காலி." இரண்டாவது: "மறந்துவிடுகிறார்." மூன்றாவது: "அந்த இரு நாளில் என்ன நடக்கிறது?" கேட்டுப் பார்த்தால் அந்த நாட்களில் வெளியே போக வேண்டியிருக்கும். காலை மாத்திரைகளில் ஒன்று சிறுநீர் அதிகம் போகவைப்பது. வழியில் அவசரம் வந்துவிடுமே என்று கட்டத்தையே திறக்காமல் விட்டிருப்பார். தன் நாளை நன்றாகக் கணக்குப் போடத் தெரிந்தவர் அவர். மறதி இருந்திருந்தால் விட்டுப்போன கட்டங்கள் இப்படிச் சீராக அமைந்திருக்காது. இங்கே செய்ய வேண்டியது மாத்திரை நேரத்தை மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேட்க உதவுவது.

வயதை வைத்து ஆளை எடைபோடுவதற்கு ராபர்ட் பட்லர் என்ற மனநல மருத்துவர் 1969-இல் 'ஏஜிஸம்' என்று ஒரு பெயரே வைத்தார். அந்தப் பழக்கம் முதியவர்களுக்கும் உண்டு. "வயசானா அப்படித்தான்" என்று விழுவதையும் சிறுநீர்க் கசிவையும் அவர்களே ஒதுக்கிவிடுவார்கள். உங்கள் இரண்டாவது பத்தியில் அந்த வாக்கியம் எத்தனை முறை வேறு வேறு உருவில் வருகிறது என்று மாதக் கடைசியில் அடிக்கோடிட்டுப் பாருங்கள். அறிக்கைக்கு இதைவிட நேர்மையான பொருள் கிடைக்காது.

அனுபவத்தைத் திரும்பிப் பார்த்து எழுதுவதற்காக கிப்ஸ் என்ற கல்வியாளர் 1988-இல் வகுத்த ஆறு படிச் சுழற்சியைக் கல்லூரியில் கேட்பார்கள்: நடந்தது, உணர்ந்தது, நல்லது கெட்டது, ஏன், முடிவு, அடுத்து என்ன. மாணவர்கள் இரண்டாவது படியில் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு ஆறாவதை ஒரு வரியில் முடிக்கிறார்கள். ஆறாவதில் "இனி பொறுமையாக இருப்பேன்" என்பது உதவாது. "நினைவுச் சோதனைக்கு முன் கண்ணாடியும் காதுக்கருவியும் போட்டிருக்கிறாரா, பேட்டரி வேலை செய்கிறதா என்று பார்ப்பேன்" என்பது உதவும். அடுத்த வாரம் செய்தீர்களா இல்லையா என்று சொல்ல முடிகிற வாக்கியமாக இருக்க வேண்டும்.

பெயர், தெரு, புகைப்படம் எதுவும் குறிப்பில் வேண்டாம். ஊரில் ஒருவரே செய்த தொழில், அரிய நோய் போன்ற விவரமும் ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

விடைபெறுவது முதல் நாளே தொடங்குகிறது. எத்தனை முறை வருவீர்கள், எப்போது முடியும் என்று அன்றே சொல்லுங்கள். கடைசிக்கு முந்தைய வருகையில் மறுபடி சொல்லுங்கள். கடைசி நாளில் அவருடைய அளவுகளைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்து, இனி எதற்கு யாரைப் பார்ப்பது என்று விளக்குங்கள். சொல்லாமல் நின்றுவிடுவதுதான் அவர்களை அதிகம் புண்படுத்துகிறது. "நான் ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டேனா" என்று யோசித்துக்கொண்டிருப்பார்கள். "அடிக்கடி வந்து பார்க்கிறேன்" என்று வாய் தவறியும் சொல்லாதீர்கள், வரமுடியும் என்று உறுதியாகத் தெரிந்தாலொழிய. அன்பளிப்பு, பணம் பற்றி உங்கள் நிறுவனத்தின் விதி என்ன என்று முன்பே கேட்டுவையுங்கள். அந்த நேரத்தில் யோசித்தால் இரு தரப்புக்கும் சங்கடம்.

யாராவது அழுதால் உடனே ஆறுதல் சொல்லி மூடப் பார்க்காதீர்கள். பேனாவைக் கீழே வைத்து, சற்று நேரம் சும்மா இருங்கள். பிறகு "தொடரலாமா, இன்றைக்குப் போதுமா?" என்று கேளுங்கள். வெளியே வந்ததும் கூட வந்தவரிடம் பத்து நிமிடம் பேசிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போங்கள். அதே கனத்தோடு போனால் அடுத்தவர் சொல்வது காதில் ஏறாது.

---

நாடிப்பிடி பதில்:

பையில் என்ன இருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வெவ்வேறு அளவில் மூன்று கஃப், மாற்று பேட்டரி, ஸ்டாப்வாட்ச், 3 மீட்டராவது நீளும் அளவு நாடா, ஒட்டும் டேப், தடித்த கறுப்பு மார்க்கர், பூதக்கண்ணாடி, கை கழுவும் திரவம். எடைக்கருவியைக் கெட்டியான சமதரையில்தான் வைக்க வேண்டும். விரிப்பின் மேல் வைத்தால் எடை தவறும். எடை தெரிந்த ஒரு பொருளை வைத்துக் காலையில் கருவியைச் சரிபார்த்துவிட்டுக் கிளம்புங்கள். 3 மாதத்தில் 3 கிலோவுக்கு மேல் காரணமில்லாமல் இறங்கியிருக்கிறாரா என்பது முக்கியமான கேள்வி. கருவி தவறாக இருந்தால் அந்தக் கேள்விக்கே பதில் இல்லாமல் போகும். பழைய எடை யாருக்கும் தெரியாவிட்டால் துணி, மோதிரம், பல்செட் தளர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள்.